கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள்

நீலகிரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், சமூக நலத்துறை, மகளிர் திட்ட அலுவலர்களுக்கும் வணக்கம்.

இந்த மலையில் கிராம சுகாதார செவிலியராக இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். குன்னூர்ப் பக்கம் தொடங்கி, கோத்தகிரி போய், கடைசியில் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் முடித்தேன். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கும் படுகர் ஊர்களான ஹட்டிகளுக்கும் ஆதிவாசி ஊர்களுக்கும் நடந்த கால் இது. இப்போது முழங்கால் வலி. அதனால் மனு நாளில் வந்து வரிசையில் நிற்காமல் மடலாக எழுதுகிறேன். நின்றாலும் ஐந்து நிமிடம் கிடைக்கும். இது ஐந்து நிமிடத்தில் சொல்லக்கூடிய சமாசாரம் இல்லை.

கேட்பது ஓர் அறை. வாரத்தில் ஒரு நாள், இரண்டரை மணி நேரம். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்க வேண்டும். அதில் ஏழெட்டுப் பெண்கள் உட்காருவார்கள். பன்னிரண்டு வாரம்.

மாதக் கணக்கில், சிலர் வருடக் கணக்கில், திரும்பத் திரும்பப் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள் அவர்கள். ஊர்ப் பெயரோ ஆள் அடையாளமோ எழுத மாட்டேன். பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவதை, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் எழுதியிருக்க மாட்டேன். என்னை நம்பித்தான் வாய் திறந்தார்கள். கீழே வரும் விவரங்களில் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

ஒரு முறை நடந்த கொடுமைக்கு ஒரு தேதி இருக்கும். திரும்பத் திரும்ப நடந்ததற்குத் தேதி கிடையாது. புகார் எழுதும் இடத்தில் முதல் கேள்வியே என்றைக்கு, எத்தனை மணிக்கு என்பதுதான். ஒரு பெண்ணோடு நானும் துணைக்குப் போயிருந்தேன். அந்தக் கேள்வி வந்ததும் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "என்னைக்குன்னு சொல்லட்டும் சிஸ்டர்? மழை பெஞ்ச நாளெல்லாம்" என்றாள். மழை கொட்டினால் தோட்டத்தில் வேலை நின்றுவிடும், வீட்டு ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். தேவாலா, பந்தலூர்ப் பக்கம் ஆடி மழையைப் பார்த்தவர்களுக்கு அது எத்தனை நாள் என்று தெரியும். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

சட்டத்துக்கு இது தெரியாமல் இல்லை. ஒரே பெண்ணை மீண்டும் மீண்டும் வன்புணர்வு செய்வதை அதே சன்ஹிதாவின் 64ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு தனியாகவே குறிப்பிட்டு, குறைந்தது 10 ஆண்டு கடுங்காவல் என்கிறது. ஆனால் செய்தவன் கணவன் என்றால், பெண்ணுக்கு வயது பதினெட்டுக்கு மேல் என்றால், அதே சட்டம் அதை வன்புணர்வு என்ற கணக்கிலேயே சேர்ப்பதில்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாலியல் கொடுமையும் வருகிறது. பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம், தங்கும் உரிமை கேட்கலாம். அதுவும் நல்லதுதான். ஆனால் எஃப்.ஐ.ஆர் இருந்தால்தான் உதவி என்று எங்கேயாவது ஒரு வரி எழுதிவிட்டால், நான் பார்த்த பெண்களில் பாதிப் பேர் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த அறைக்குள் வர எந்தக் காகிதமும் கேட்கக் கூடாது.

கணவன் மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். ஒரு தோட்டத்தில் பச்சை இலை எடை போடுகிறவன். ஈர இலை என்று சொல்லி எடையில் கழிப்பது எல்லா இடத்திலும் உண்டு. அவன் சொன்னதற்கு இணங்காத பெண்ணின் மூட்டையில் மட்டும் ஈரம் கூடிக்கொண்டே போகும். சாயந்தரம் சீட்டைப் பார்த்து வீட்டில் கேள்வி வரும், "இன்னைக்கு என்ன இவ்வளவு கம்மி?" என்று. இரண்டு பக்கமும் இடி. பணியிடப் பாலியல் தொல்லைக்கு 2013இல் சட்டம் வந்து, மாவட்டத்துக்கு உள்ளூர்க் குழு, வட்டத்துக்கு ஒரு பொறுப்பு அலுவலர் என்றெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு அது எதுவும் தெரியாது. தெரிந்தாலும் மறுநாள் காலையில் அவள் அதே தராசின் முன்னால்தான் நிற்க வேண்டும்.

அக்கம்பக்கத்தில் இதற்கு ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள். பட்ட காலிலேயே படும், கெட்ட குடியே கெடும். ஏதோ கால் தானாகப் போய்க் கல்லில் இடித்துக்கொண்ட மாதிரி.

என்னிடம் அவர்கள் இதைச் சொல்லிக்கொண்டு வரவில்லை. இடுப்பு வலி, தலை சுற்றல், வெள்ளைப்படுதல், தூக்கமில்லை என்றுதான் வந்தார்கள். பாராசிட்டமாலும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்து அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து அதே வலியோடு திரும்பி வருவார்கள், அதே மாத்திரையைக் கொடுப்பேன். இப்படிப் பதினைந்து, பதினாறு வருடம். எனக்குக் கேட்கத் தெரியவில்லை. கேட்டால் என்ன செய்வது என்று தெரியாததால் கேட்கவில்லை என்பது இன்னும் சரி. இந்த மடலை நான் எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்புறம் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தபோது ஒன்று நடந்தது. தையல் சொல்லிக்கொடுக்கும் ஒரு அக்காவும் நானும் சேர்ந்து, சந்தை கூடும் ஊரில் ஒரு கட்டிடத்தின் பின்னறையைக் கேட்டு வாங்கினோம். தையல் வகுப்பு என்று சொன்னோம். தையலும் நடந்தது, பொய் இல்லை. இரண்டு மிஷின், ஒரு பாய், பிளாஸ்க்கில் டீ. ஏழு பெண்கள். ஒருத்திக்கு ஒருத்தி தெரியாதவர்களாகப் பார்த்து, நாலு ஊரிலிருந்து சேர்த்தோம். லைன் வீட்டில் சுவர் பொது, ஹட்டியில் எல்லோரும் சொந்தம். ஒரே ஊர் என்றால் வாய் திறக்க மாட்டார்கள்.

முதல் மூன்று வாரம் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். காஜா எடுத்தார்கள், ஹெம்மிங் போட்டார்கள். எல்லோரும் கதவைப் பார்த்து உட்காருவதை அந்த அக்காதான் முதலில் கவனித்தார். கதவு வெளியிலிருந்து கொண்டி போடும் கதவு. உள்பக்கம் ஒன்றுமில்லை. அடுத்த வாரம் அவரே கடையில் ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்து, நாலு திருகாணி போட்டு மாட்டினார். அன்றைக்குத்தான் ஒருத்தி கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். நான் படித்த நர்ஸிங் புத்தகம் எதிலும் இது இல்லை.

நாலாவது வாரமோ ஐந்தாவது வாரமோ, ஒரு பெண் வெளியே பீடி வாசனை வந்ததும் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொருத்தி, துணியிலிருந்து தலையெடுக்காமல், "எனக்கு பிராந்தி வாடை" என்றாள். மூன்றாவது ஒருத்தி, "எனக்கு செருப்புச் சத்தம்" என்றாள். அவ்வளவுதான் அன்றைக்குப் பேசியது. நடந்ததை யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. ஆனால் தனக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்த மூன்று பேர், அந்த மத்தியானம் அப்படி இல்லை என்று தெரிந்துகொண்டு பஸ் ஏறினார்கள்.

இதை ஒரு ஆலோசகர் தனியாக உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம். "உன் மேல் தப்பில்லை" என்று நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். நர்ஸ் சொல்வாள், அவளுக்கென்ன என்பார்கள். அதே சொல்லை அதே குழியில் கிடந்தவள் சொன்னால் எடை வேறு. இன்னொன்றும் கவனித்தேன். தன்னைத் தானே குற்றம் சொல்லிக்கொள்ளும் பெண், பக்கத்தில் இருப்பவள் அதையே சொல்லும்போது சும்மா இருக்க மாட்டாள். "நீ என்ன பண்ணுவே, ஓடி எங்க போவே, ரெண்டு பிள்ளைய வச்சிக்கிட்டு?" என்று அவளுக்காகச் சண்டை போடுவாள். போட்டுவிட்டு அப்படியே நின்றுவிடுவாள், தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததுபோல.

பத்தாவது வாரத்தில் கெட்டுப்போனது. அறை கொடுத்தவர்களுக்கு நாங்கள் என்ன செய்கிறோம் என்று தெரிந்துவிட்டது. கோபப்படவில்லை, பெருமைப்பட்டார்கள். அதுதான் வினையாகப் போயிற்று. ஒருநாள் போய்ப் பார்த்தால் கதவில் பெரிய பேனர். "பாதிக்கப்பட்ட மகளிருக்கான ஆலோசனைக் குழு" என்று எழுதி, கீழே நாலு பேர் படம். உள்ளே குத்துவிளக்கு. போட்டோ எடுக்க ஒரு பையன். பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள் எதிர்ப்பக்கக் கடை ஓரமாக நின்று பார்த்துவிட்டு, அப்படியே அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போய்விட்டார்கள். அடுத்த வாரம் இரண்டு பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் நானும் தையல் அக்காவும் மட்டும்.

யார் அவர்கள் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். கெட்ட எண்ணம் இல்லை. நல்லது செய்தால் பேனர் வைக்க வேண்டும் என்று நம் ஊரில் எல்லோருக்கும் பழகிவிட்டது. இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் பேனர் வேண்டாம், தொடக்க விழா வேண்டாம், பயனாளிகள் பட்டியலில் பெயர் வேண்டாம். எண்ணிக்கை போதும்.

ஏழு பெண்கள், பத்து வாரம். இதை வைத்துக்கொண்டு ஆட்சியரிடம் திட்டம் கேட்கிறாளா என்று நீங்கள் நினைக்கலாம். நியாயம். அதனால் வேறு ஒரு நாட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டின் கிழக்குப் பகுதி. பல வருடப் போரில் ஊர் ஊராகப் பெண்கள் சிதைக்கப்பட்ட இடம். அந்தப் பெண்களுக்கு அங்கே சிகிச்சை கொடுத்த மருத்துவர் டெனிஸ் முக்வேகேவுக்கு 2018இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அதே பகுதியில் 15 கிராமங்களில் 405 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்து, 2013இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. ஏழு கிராமங்களில் குழு சிகிச்சை. எட்டு கிராமங்களில் தேவைப்படும்போது தனியாக வந்து பேசும் உதவி. குழுவில் ஆறு முதல் எட்டுப் பெண்கள். முதல் சந்திப்பு ஒவ்வொருவருக்கும் தனியாக, அப்புறம் பதினொரு சந்திப்பு குழுவாக. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, தனி உதவி கிடைத்த பெண்களில் 42 சதவீதம் பேருக்கு மனச்சோர்வோ பதற்றமோ நீடித்தது. குழுவில் உட்கார்ந்தவர்களில் 9 சதவீதம் பேருக்குத்தான்.

எனக்கு அந்த எண்களைவிட வேறு மூன்று விஷயம் பெரிதாகப் பட்டது. ஒன்று, நடத்தியவர்கள் மனநல மருத்துவர்கள் இல்லை. தொடக்கப் பள்ளிக்கு மேல் சில வருடம் படித்து, பயிற்சி எடுத்துக்கொண்ட உள்ளூர்க்காரர்கள். இரண்டு, எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கு ஏற்றபடி, மனப்பாடமாக நினைவில் வைத்துக்கொள்ளும் விதமாகப் பாடங்களை மாற்றியிருந்தார்கள். மூன்று, நடந்ததை விலாவாரியாகச் சொல்லச் சொல்லவில்லை. அதன் பிறகு மனதில் உட்கார்ந்துவிட்ட எண்ணங்களைத்தான் வாரா வாரம் எடுத்துப் பார்த்தார்கள். என்னால்தான் நடந்தது, யாரையும் நம்ப முடியாது, இனி நான் எதற்கும் உதவ மாட்டேன், இந்த மாதிரி எண்ணங்கள். இதெல்லாம் உண்மையா, யார் சொல்லிக் கொடுத்தது, வேறு மாதிரி நினைக்க இடம் இருக்கிறதா என்று. எங்கள் தையல் அறையில் தெரியாத்தனமாக நடந்ததை அங்கே தெரிந்து செய்திருக்கிறார்கள்.

நம்மிடம் குழு இல்லையா என்றால், இருக்கிறது. 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழு இன்று எந்த ஊரில் இல்லை? வட்டமாக உட்கார, கணக்குச் சொல்ல, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட நம் பெண்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் தயவுசெய்து இந்த வேலையை அந்தக் குழுக்களின் தலையில் கட்டிவிடாதீர்கள். ஓர் உத்தரவில் முடிந்துவிடும் என்பதால் உங்களுக்கு அந்த ஆசை வரும். குழுத் தலைவி கொழுந்தனுக்குப் பெண் கொடுத்தவளாக இருப்பாள். கடன் தவணை பாக்கி இருக்கும். தவணை கட்டாதவளை ஊரே கேள்வி கேட்கும் இடத்தில் இதைப் பேச முடியுமா? ஊருக்குள் வேண்டாம். ஊரைத் தாண்டி, அதற்காக மாவட்டத் தலைநகருக்கும் இழுக்காமல், நடுவில் ஒரு சந்தை ஊரில். பெண் வீட்டை விட்டுக் கிளம்ப அங்கே ஒரு காரணம் இருக்கும். காய்கறி வாங்க, ரேஷனுக்கு, பேங்குக்கு.

ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறதே என்பீர்கள். 2015இல் வந்த நல்ல திட்டம். போலீஸ், வக்கீல், டாக்டர், தங்க இடம் எல்லாம் ஒரே கூரையில். வீட்டைவிட்டு இரவோடு இரவாக ஓடி வந்தவளுக்கு அது உயிர். ஆனால் தங்கல் சில நாள்தான். அப்புறம் அவள் திரும்பி வருவது அதே லைனுக்கு. கூடலூரிலிருந்து ஊட்டி 50 கிலோமீட்டர், நடுவட்டம் ஏறி இரண்டு மணி நேரம். பந்தலூர்க்காரிக்கு அதற்கும் மேலே. ஒரு கவுன்சலிங்குக்கு ஒரு நாள் கூலி போகும், அடுத்த வாரமும் போகும். மூன்றாவது வாரம் போக மாட்டாள்.

எனவே கூலியைப் பற்றிப் பேசாமல் இதைத் தொடங்க முடியாது. மலைப் பகுதிக்கும் மகளிர் இலவசப் பயணம் என்று 2024 பட்ஜெட்டில் அறிவித்தார்கள், சந்தோஷம். டிக்கெட்டைவிடப் பெரிய செலவு அன்றைய வேலை. பயிற்சிப் படி என்று ஒரு பெயரில் ஒரு நாள் கூலியைக் கையில் கொடுங்கள். வங்கிக் கணக்கில் போட்டால் பாதிப் பேரின் ஏ.டி.எம். கார்டு கணவன் சட்டைப் பையில் இருக்கிறது. அப்புறம் பருவம். ஆடி, ஆவணியில் வைத்தால் மண் சரிந்து பாதை அடைத்துவிடும். இலை நிறைய வரும் மாதங்களில் வைத்தால் யாரும் வர மாட்டார்கள். உறைபனி விழுந்து தேயிலை கருகி, வேலை குறையும் காலம் தை, மாசி, பங்குனி. பன்னிரண்டு வாரத்துக்குப் போதும். காலை பத்தரைக்குத் தொடங்கி ஒரு மணிக்கு விட வேண்டும். இருட்டுவதற்கு முன்னால் வீடு போய்ச் சேராவிட்டால் ஒரு பக்கம் யானை, இன்னொரு பக்கம் மாமியார்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பக்கத்து அறையில் பார்த்துக்கொள்ள ஓர் ஆயா வேண்டும். மறந்துவிடாதீர்கள், நாங்கள் மறந்தோம்.

யார் நடத்துவது? என்னை மாதிரி வெள்ளைச் சேலை வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் வந்த பிறகு, பிரஷர் மாத்திரையைத் தூக்கிக்கொண்டு ஊர்ப் பெண்களே வீடு வீடாகப் போகிறார்கள். யார் வீட்டு அடுப்பு எரியவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களில் வாய் காக்கத் தெரிந்தவர்களை மட்டும் பொறுக்குங்கள், படிப்பு அப்புறம். மொழியையும் பாருங்கள். பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் பெண்களைத் தமிழில் பேசச் சொன்னால் மனதில் இருப்பதில் கால்வாசிதான் வெளியே வரும். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில் 1990லிருந்து ஆதிவாசிப் பெண்களையே செவிலியர்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் பழக்கியிருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கேளுங்கள், எப்படிச் செய்தீர்கள் என்று. இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் தோட்ட வேலைக்கு வந்திருக்கும் பெண்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு இந்த மலையில் அத்தை மாமி கூடக் கிடையாது. அவர்களுக்குத் தனியாக ஒரு குழு, அவர்கள் பேச்சில்.

குழு எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நான் சொல்லவில்லை. இன்றைக்கு ராத்திரியும் அடி விழப்போகிறவளுக்குப் பாய் விரித்து டீ கொடுத்தால் போதாது. அவளுக்கு மகளிர் உதவி எண் 181ஐ அடித்துக்கொடுக்க வேண்டும், பாதுகாப்பு அலுவலரைப் பார்க்க வேண்டும். சாக வேண்டும் என்று சொல்கிறவளை வட்டத்தில் உட்கார வைக்கும் முன் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். முதல் சந்திப்பைத் தனியாக வைப்பது இதற்காகத்தான். வழக்குப் போட விரும்புகிறவளைத் தடுக்கவும் கூடாது, விரும்பாதவளைத் தள்ளவும் கூடாது. எங்கள் ஏழு பேரில் ஒருத்தி கடைசியில் புகார் கொடுத்தாள். வாய்தாவுக்குப் போன நாளில் மற்றவர்களில் மூன்று பேர் கோர்ட் வராந்தாவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பேனர் வந்து குழு கலைந்து எட்டு மாதம் ஆகியிருந்தது அப்போது. யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. எந்த நாள் என்று எப்படியோ விசாரித்துத் தெரிந்துகொண்டு, அவரவர் ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்கள்.

இரண்டு தையல் மிஷினும் என் வீட்டில்தான் இருக்கின்றன, எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். அந்த ஏழு பேரில் இரண்டு பேர், பயிற்சி கொடுத்தால் தாங்களே குழு நடத்தத் தயார் என்கிறார்கள். அவர்கள் யார் என்பதை மடலில் எழுத முடியாது. நீங்கள் அனுப்பும் ஆள் பெண்ணாக இருந்து, ஜீப்பை மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தால் நேரில் சொல்கிறேன். தை பிறப்பதற்குள் கூடலூர்ப் பக்கம் ஒன்று, கோத்தகிரிப் பக்கம் ஒன்று என இரண்டு அறை மட்டும் பார்த்து வையுங்கள். தாழ்ப்பாள் நாங்களே வாங்கி மாட்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர்,
நீலகிரி மாவட்டம்.